அஞ்சு வாரப் பச்சை

ஆகஸ்ட் 26, திங்கள்

வயிறு எரியுதுன்னு டாக்டர்கிட்டப் போனா, மாத்திரையோட வீட்டுப்பாடமும் குடுத்து அனுப்பியிருக்கார். என்ன சாப்பிட்டீங்க, எப்ப எரிஞ்சுது, அப்ப என்ன பண்ணீட்டு இருந்தீங்க, மூணையும் தேதி போட்டு எழுதிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்கங்கறார். நாப்பத்திமூணு வயசுல எனக்கு இது தேவைதான்.

காலைல இட்லி மூணு, தக்காளிச் சட்னி. பதினொண்ணரைக்கு எரிஞ்சுது. தக்காளிதான், வேறென்ன.

அந்த நேரத்துல கிரி சார்கூட போன்ல இருந்தேன். கிரிதரன், சென்னைல இருக்கற என்ற மேலதிகாரி. இங்க கோயமுத்தூர் சரவணம்பட்டி ஆபீஸ்ல எனக்குக் கீழ ஆறு பேரு. அஞ்சு டயாலிசிஸ் சென்டர் வெச்சிருக்கற ஒரு ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதறோம். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த மெஷின்னு அதுவே முடிவு பண்ணி அவங்க போனுக்குச் செய்தி அனுப்பும். இப்ப சிஸ்டருங்க நோட்டுல கோடு போட்டு எழுதறதை எல்லாம் இது பாத்துக்கும்.

ஆரம்பிக்கற நாளை ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் பஞ்சாங்கம் பாத்துக் குறிச்சுட்டார். அக்டோபர் 12, விஜயதசமி, காலைல பத்தே முக்காலுக்கு மேல. கம்ப்யூட்டருக்கு முகூர்த்தம் வெக்கறதெல்லாம் நம்மூர்லதான் நடக்கும். "இது மட்டும் அன்னைக்கு ஓடிருச்சுன்னா சீனியர் மேனேஜர் லெட்டர் உங்களுக்குத்தான் பூங்கோதை"ன்னார் கிரி சார். ரெண்டு தடவை என்ற கைக்கு வந்து நழுவுன லெட்டர் அது. ரெண்டு தடவையும் எனக்குப் பின்னாடி சேர்ந்த ஆம்பளைங்களுக்குப் போச்சு. இந்தத் தடவை விடமாட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வெள்ளிக்கிழமை சீட் நாள். ஆறு பேரும் கம்ப்யூட்டர்ல ஒரே எக்செல் சீட்ல அவங்கவங்க வேலைக்கு நேரா ஒரு நிறம் போடணும். பச்சைன்னா சொன்ன தேதிக்கு முடியும். மஞ்சள்னா சந்தேகம். சிவப்புன்னா நின்னு போச்சு. சாயங்காலம் அது கிரி சாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிரும்.

இன்னைக்குப் பாத்தா நவநீதன் சிவப்பு போட்டு உக்காந்திருக்கான். முப்பத்தியொரு வயசு, நல்ல வேலைக்காரன், நோயாளிக்கு நாள் ஒதுக்கற பகுதியே அவன் கையிலதான். எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. எல்லாரும் நிக்கறப்பவே கேட்டுட்டேன். "ஏங் கண்ணு, முகூர்த்தம் குறிச்ச வீட்டுல உக்காந்து ஒப்பாரி வெக்கற?" எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். தமாசாத்தான் சொன்னேன்.

என்ன பிரச்சினைன்னு கேக்கலை. கேட்டா அது ஒரு மணி நேரம் ஓடும், எனக்கு மூணு மணிக்கு வேற மீட்டிங். நாலு மணிக்குப் பாத்தா சிவப்பு பச்சையாயிருந்துச்சு. மனசு வெச்சா முடியுதுல்ல!

மூணு மணிக்கு எரிச்சல். கேன்டீன் சாம்பார்ல புளி ஜாஸ்தி.

செப்டம்பர் 6, வெள்ளி

ஆறும் பச்சை. எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் குடுத்தேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடிச்சுட்டே போன்ல அந்த சீட்டைத் தொறந்து தொறந்து பாத்தேன். லீவு நாள்ல யாரு மாத்தப் போறாங்க, பச்சையாத்தான் இருந்துச்சு. என்ற வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி, மோட்டார் பம்ப் கடை வெச்சிருக்கார், அவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏம் புள்ள, பச்சையா இருக்குன்னு சொல்ற, அப்புறம் எதுக்கு அதையே பாத்துட்டு இருக்கற?"ங்கறார். கொழுக்கட்டை ரெண்டு ஒடைஞ்சு போச்சு.

எரிச்சல் மூணு தடவை. பூரணத்துல தேங்காய் அதிகம்.

செப்டம்பர் 11, புதன்

ஜெபமலர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டா. எங்க டெஸ்டர் அவ, நாசரேத்துக்காரப் பொண்ணு. மத்தவங்க எழுதறதைப் போட்டு உடைச்சுப் பாக்கறதுதான் அவளுக்கு வேலை. கோயமுத்தூர் வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் "இப்பம், எப்பம்"னுதான் பேசுவா.

ஒரு நோயாளிக்குத் திங்கள், புதன், வெள்ளின்னு நிரந்தரமா நாள் போட்டிருக்குன்னு வெச்சுக்குவோம். அதுல ஒரே ஒரு புதனை வியாழனுக்கு நகர்த்துனா, அதுக்கப்புறம் வர்ற அத்தனை நாளும் அழிஞ்சு போகுதாம். தப்புன்னு ஒரு எழுத்துக்கூட ஸ்கிரீன்ல வர்றதில்லையாம். செய்தியும் போகாது, அந்த மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துரும்.

"எத்தனை பேரு மலரு இப்படி நகர்த்துவாங்க?"ன்னு கேட்டேன்.

"எனக்கு எப்டி மேம் தெரியும்? சென்டர்ல கேக்கணும்."

"நோயாளிக்கு அது உசுருப் பிரச்சினை. எவனாச்சும் நாளை மாத்திக்கேட்டுட்டுத் திரிவானா? எப்பவாச்சும் ஒண்ணு வரும். 'பிறகு' லிஸ்ட்ல போடு."

'பிறகு' லிஸ்ட் நான் கண்டுபுடிச்சது. உடனே பாக்க வேண்டாத எல்லாம் அதுல போயிரும், சீட்ல நிறமா வராது. மீட்டிங் பதினஞ்சு நிமிஷத்துல முடியறதுன்னா அதனாலதான். மலரு "சரி மேம்"னு போனா.

மதியம் தயிர் சாதம் மட்டும்தான் சாப்பிட்டேன். தயிர் சாதத்துக்குமா எரியும்?

செப்டம்பர் 13, வெள்ளி

பச்சை.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பொறந்துருச்சு. இனி ஒரு மாசம் வீட்டுல கறி கிடையாது. வயித்துக்கும் நல்லது.

கிரி சார் கூப்பிட்டார். கம்பெனில இருக்கற மத்த மேனேஜருங்க எல்லாருக்கும் நான் ஒரு மணி நேரம் பேசணுமாம். தலைப்பு, 'ஒரு குழுவை வெற்றிகரமாக நடத்துவது எப்படி'. "எத்தனை ப்ராஜெக்ட் சிவப்புல தவிச்சிட்டிருக்கு தெரியுமா? உங்களது மட்டும்தான் வாரா வாரம் முழுப் பச்சை. அந்த ரகசியத்தைச் சொல்லுங்க"ன்னார். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதை ஏன் மறைக்கணும்.

போனை வெச்சுட்டு சும்மா உக்கார முடியலை. ஆறு பேரு மேசைக்கும் ஒரு சுத்து போனேன். "எல்லாம் ஓகேவா?" "ஓகே மேம்." "ஓகேதானே?" "ஓகே மேம்." ஆறு ஓகே. ரெண்டாவது சுத்தும் போனேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலைலயே சமையல் மேடை, அலமாரி, மாவு டப்பா, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி எல்லாம் தேய்ச்சுக் கழுவுனேன். அவர் வந்து பாத்துட்டு "ஒறம்பரை யாராச்சும் வர்றாங்களா?"ன்னார். யாரும் வரலை. பத்து மணிக்கு மேல ஜன்னல் கம்பியும் துடைச்சேன். கை சும்மா இருந்தா மனசு எங்கியோ போகுது.

செப்டம்பர் 25, புதன்

பேசியாச்சு. நல்லாப் பேசுனேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆளுங்களை நம்பணும், மீட்டிங்கைச் சுருக்கணும், குறை சொல்றவங்களை வளர விடக்கூடாது, வாரம் தவறாம நிறம் கேக்கணும், சின்ன வெற்றிக்கும் பப்ஸ் வாங்கணும். இப்படி அஞ்சு வழி. பப்ஸுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கடைசில யாரோ ஒரு பொண்ணு கேட்டுச்சு. "மேடம், உங்க டீம்ல ஒருத்தருக்குமே ஒரு வாரம்கூடத் தாமதம் ஆகலையா?" இல்லைன்னேன். "ஆச்சரியமா இருக்கு மேடம்"னு சொல்லுச்சு. அது பாராட்டா, நக்கலா? அந்தக் குரலையே நினைச்சுட்டு வண்டில வந்தேன், கணபதி சிக்னல்ல பின்னாடி நின்னவன் ஹாரன் அடிச்ச பின்னாடிதான் பச்சை விழுந்ததே தெரிஞ்சுது.

எரிச்சல் ரொம்ப. மாத்திரை ரெண்டு.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்னைக்கு மலரைக் கூட்டிட்டு சென்டருக்குப் போனேன், அங்க இருக்கறவங்களுக்கு சாஃப்ட்வேர் பழக்கிவிட. பெரிய ஹால், பதினாலு மெஷின், பதினாலு பேரும் படுத்திருக்காங்க. ரத்தம் ட்யூப்ல ஓடறதைப் பாத்ததும் எனக்குத் தலை சுத்துச்சு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். பரிமளம் சிஸ்டர்தான் அங்க எல்லாம். அம்பது வயசு இருக்கும், குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்.

அவங்க நோட்டை எடுத்துக் காட்டுனாங்க. பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறி. இவருக்குப் புதன் வேண்டாம், வியாழன். இந்தம்மாவுக்கு வெள்ளி வேண்டாம், சனி.

"இதெல்லாம் என்னங்க சிஸ்டர்?"

"நாளை மாத்திக் கேக்கறதுங்க மேடம். அவருக்குச் சோமனூர்ல தறிக்குடோன், தறியில பாவு நூல் ஏத்தற அன்னைக்கு வரமாட்டாரு. இந்தம்மா பொண்ணுக்கு வளைகாப்பு. அந்தத் தாத்தாவைக் கூட்டிட்டு வர்ற மருமகனுக்கு ஷிஃப்ட்டு மாறிருச்சு. அவங்களும் பொழைக்கணுமில்லீங்களா?"

"ஒரு நாளைக்கு எத்தனை பேரு கேப்பாங்க?"

"சாதாரணமா ஏழெட்டு. தீபாவளி மாதிரி நோம்பி நொடின்னா இருவது."

மலரு என்னைப் பாக்கலை. நோட்டையே பாத்துட்டு நின்னா. திட்டியிருந்தாக்கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு.

"சிஸ்டத்துல இப்படி மாத்திக்கலாமுங்களா மேடம்?"ன்னாங்க சிஸ்டர். "மாத்திக்கலாமுங்க"ன்னேன். அது பொய் இல்லை. மாத்தலாம். மாத்துன பின்னாடி என்ன ஆகும்னு அவங்க கேக்கலை.

கிளம்பும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன், ஒருத்தர் ரெண்டு தடவை வராம விட்டா என்ன ஆகும்னு. "நீர் ஏறிரும் மேடம். மூச்சு வாங்கும். ராத்திரி ஆம்புலன்ஸ்லதான் வருவாங்க. வந்தா நல்லது"ன்னாங்க. சொல்லிட்டே ஒரு பாட்டியம்மா கால்ல போர்வையைச் சரி பண்ணுனாங்க.

மதியம் ஒண்ணும் சாப்பிடலை. எரிஞ்சுது. வெறும் வயித்துலயும் எரியும் போல.

அக்டோபர் 3, வியாழன்

நவநீதனைக் கீழ டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நேத்துப் பூரா யோசிச்சு இன்னைக்குத்தான் கேட்டேன். "அந்த நாள் ஒதுக்கற பகுதி உண்மையா எந்த நிலைல இருக்கு கண்ணு?"

"ஓகே மேம்."

"டேய், டீக்கடைல வெச்சுக் கேக்கறேன். சொல்லு."

டம்ளரைச் சுத்திட்டே இருந்தான். அப்புறம் சொன்னான். பாதிதான் ஆகியிருக்காம். போன மாசம் டாக்டருங்களுக்குப் போட்டுக் காட்டுனோமே, அது அவன் கையால ஏத்தி வெச்ச பன்னெண்டு நோயாளிங்க மட்டுமாம். நானூறு பேரை ஏத்துனா என்ன ஆகும்னு அவனுக்கே தெரியாதாம். நிரந்தர நாளை நகர்த்தற இடத்தை அடியிலிருந்து திருப்பி எழுதணுமாம்.

"இதை ஏன்டா இத்தனை நாள் சொல்லலை? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கயே!"

"சொன்னேனே மேம். ஆகஸ்ட் கடைசில சிவப்பு போட்டேன்ல. அது இதுக்குத்தான்."

"ஒரு தடவை போட்டா? அதுக்கப்புறம்?"

"நீங்க ஒப்பாரி வெக்காதன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் யாரு மேம் போடுவாங்க?" அப்புறம் மெதுவா, "என்னுது மட்டும் இல்ல மேம். ரிப்போர்ட் பகுதியும் முடியல. செய்தி அனுப்பறதும் அப்டித்தான். எல்லாரும் பச்சை போடறாங்க, நாம மட்டும் ஏன்னு..."

கத்திட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பாக்கற அளவுக்குக் கத்துனேன். துரோகம்னு சொன்னேன், சம்பளம் வாங்கலையான்னு கேட்டேன், வீட்டுல கைக்குழந்தை இருக்கே, இந்த வேலை போனா உன்ற கதி என்னன்னும் கேட்டேன். அந்தக் கடைசியைக் கேட்டிருக்க வேண்டாம். அவன் டீயைக் குடிக்காம வெச்சுட்டு மேல போயிட்டான்.

தமாசுக்குச் சொன்ன ஒரு வார்த்தையைப் புடிச்சுட்டு ஒருத்தன் அஞ்சு வாரம் பொய் எழுதுவானா? நான் என்ன புலியா, சிங்கமா?

அக்டோபர் 4, வெள்ளி

சீட் வந்துச்சு. ஆறும் பச்சை. நவநீதனோடதும் பச்சை.

நான் அதை அப்படியே அனுப்பிச்சேன். விஜயதசமிக்கு இன்னும் எட்டு நாள். கிரி சார்கிட்ட வாய்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

சொன்னேன். கிரி சார் கேட்டுட்டு, "பூங்கோதை, எல்லா சாஃப்ட்வேரும் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் சரியாகும். முதல்ல தாலியைக் கட்டுங்க, குறையை அப்புறம் பாத்துக்கலாம். போர்டுல உங்க பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப வந்து இப்படிச் சொல்லாதீங்க"ன்னார்.

சோதனை முடிஞ்சுதுன்னு டெஸ்டர் ஒரு சான்றிதழ்ல கையெழுத்து வெக்கணும். மலரைக் கூப்பிட்டேன். ஒரு தடவை படிச்சா, திருப்பி மேசைலயே வெச்சா.

"நான் போட மாட்டேன் மேம்."

"மேல இருந்து சொல்றாங்க கண்ணு."

"மேல இருக்கவங்களப் போடச் சொல்லுங்க. அந்தப் பாட்டியம்மாவப் பாத்தேம்லா நானு? எனக்குச் சோறு இறங்கல மேம் அன்னைலேர்ந்து."

"வேலையை யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு மேம். நாசரேத்துக்குப் போனா எங்கம்மா திட்டுவாவ. திட்டட்டும்."

எனக்கு வந்த கோவத்துல காது ரெண்டும் சூடாயிருச்சு. இவளுக்கு மட்டும்தான் மனசாட்சி இருக்கா? லெட்டருக்காக ஒம்பது வருஷம் காத்திருந்தது இவளா, நானா? கிரி சார் சொல்லிட்டார், டெஸ்டர் போடலைன்னா மேனேஜரும் போடலாம்னு.

சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சான்றிதழ் போயிருச்சு. கையெழுத்து யாரோடதுன்னு இங்க எழுத வேண்டாம்.

அக்டோபர் 8, செவ்வாய்

எரிச்சல் நிக்கவே இல்லை. இட்லி, தயிர், மோர், இளநி, எதையும் குத்தம் சொல்ல முடியலை.

அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். கேட்டுட்டு, "தண்ணி வராத போருக்கு நான் மோட்டார் இறக்கி இருக்கேன் கோதை, காசுக்காக. அந்தத் தோட்டத்து வழியா இன்னைக்கு வரைக்கும் வண்டில போகமாட்டேன்"ன்னார். புத்தி சொன்னாத் திருப்பிக் கத்தலாம்னு காத்திருந்தேன், அவர் துண்டை எடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டார்.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு லீவுங்கறதால ஆபீஸ்ல இன்னைக்கே ஆயுத பூஜை. எல்லா மானிட்டர்லயும் சந்தனம், குங்குமம். சர்வர் ரூம் கதவுல மாவிலை. பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம். நானே தட்டை எடுத்துட்டு ஆறு பேரு லேப்டாப்புக்கும் பொட்டு வெக்கப் போனேன். நவநீதன் எழுந்து நின்னான், என்ற முகத்தைப் பாக்கலை. மலரு "எனக்கு வேண்டாம் மேம், சுண்டல் மட்டும் போதும்"னா. வழக்கமா நான் ஏதாச்சும் கிண்டல் பண்ணுவேன். இன்னைக்குச் சுண்டலை அள்ளிக் குடுத்துட்டு அடுத்த ஆள்கிட்டப் போயிட்டேன்.

மூணு மணிக்குக் கடைசி மீட்டிங். ஸ்கிரீன்ல ஒரு பக்கம் பெரிய டாக்டர், பரிமளம் சிஸ்டர். இன்னொரு பக்கம் சென்னைலருந்து கிரி சார். எனக்குப் பின்னாடி என்ற ஆளுங்க ஆறு பேரும் பொரியை மென்னுட்டு நிக்கறாங்க. கிரி சார் அழகாப் பேசி முடிச்சார். டாக்டர் "ரொம்ப சந்தோஷம். சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு விளக்கேத்திடலாம்"னார். முடிஞ்சு போச்சு. எல்லாரும் கையசைக்கற நேரம்.

அப்ப சிஸ்டர் சொன்னாங்க. "மேடம், ஒரே ஒரு விசயமுங்க. தீபாவளி வாரத்துக்கு இப்பவே நாப்பது பேரு நாளை மாத்திக் கேட்டிருக்காங்க. சனிக்கிழமை விளக்கேத்துன கையோட நானே உக்காந்து நாப்பதையும் சிஸ்டத்துல மாத்தீர்றனுங்க. அப்புறம் நோட்டைக் கட்டிப் பரண்ல போட்டரலாம்."

நாப்பது பேரு. அந்தம்மா குரல்ல அவ்வளவு உற்சாகம்.

"மாத்தாதீங்க சிஸ்டர்."

யாரு சொன்னதுன்னு எனக்கே ஒரு நொடி தெரியலை. கிரி சார் "பூங்கோதை?"ன்னார். நான் அவரைப் பாக்கலை.

"மாத்துனா அந்த நாப்பது பேருக்கும் தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள்கூட இருக்காது. எல்லாம் அழிஞ்சிரும். சத்தமே இல்லாம அழிஞ்சிரும். இது எங்களுக்கு ஒரு மாசமாத் தெரியும். வேற பகுதியும் முடியலைங்க டாக்டர். சனிக்கிழமை ஆரம்பிக்காதீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழட்டுனார். "அஞ்சு வாரமா பச்சைன்னு அனுப்புனது யாரும்மா?"

"நானுங்க."

"சோதனைச் சான்றிதழ்ல கையெழுத்து?"

"அதுவும் நான்தானுங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

எனக்குத் தெரியலை. பதினெட்டு வருஷ சர்வீஸ், அஞ்சு வழி சொல்லிக் குடுத்த மேனேஜர், எத்தனை நாள்னு தெரியலை. திரும்பி நவநீதனைப் பாத்தேன். "மூணு வாரம்..."னு ஆரம்பிச்சவன் என்ற முகத்தைப் பாத்துட்டு "ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம் மேம்"ங்கறான்! அந்த இடத்துலதான் எனக்கு ஒடைஞ்சு போச்சு. நான் ஒண்ணுமே சொல்லலை, முகத்தைப் பாத்தே ஒரு வாரத்தைக் குறைக்கறான்.

"என்னைப் பாக்காத கண்ணு. டாக்டரைப் பாத்துச் சொல்லு."

நவநீதன் ஸ்கிரீன் பக்கம் திரும்பி, "அஞ்சு வாரம் சார். சோதனையோட சேர்த்து"ன்னான். மலரு பின்னாடியிருந்து "ஆறு"ன்னா.

டாக்டர் நாட்காட்டியைப் பாத்தார். "கார்த்திகைல ஒரு முகூர்த்தம் பாக்கறேன். அதுவரைக்கும் எனக்கு அந்த நிறம் போட்ட காகிதம் வேண்டாம். வாரா வாரம் அந்தப் பின்னாடி நிக்கற பொண்ணு எங்கிட்ட நேரா பேசட்டும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். கிரி சாரும் லைனைத் துண்டிச்சுட்டார், ஸ்கிரீன்ல என்ற முகம் மட்டும் இருந்துச்சு.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. பத்தே முக்கால் வந்துச்சு, போச்சு. அவர் கடைல பூஜை, நான் போய் வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன். கிரி சார்கிட்டருந்து போன் இல்லை. நாலு தடவை நானே எடுத்தேன், நாலு தடவையும் வெச்சுட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலை மீட்டிங். எல்லாரையும் உக்காரச் சொன்னேன். "இனி நேரம் கணக்கில்லை. உள்ளதைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"ன்னேன். ஒவ்வொருத்தரையும் கேட்டேன். "ஓகே மேம்." "போயிட்டிருக்கு மேம்." "ஓகே மேம்." நவநீதன்கூட "பரவால்ல மேம்"னான். வியாழக்கிழமைதான் அத்தனை நடந்துது, திங்கக்கிழமை மறுபடியும் ஓகே! எனக்கு நாக்கு துறுதுறுத்துச்சு. பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். அதையும் அவங்க பாத்திருப்பாங்க.

மலரு மட்டும் நாப்பது நிமிஷம் பேசுனா. பதினேழு குறை. எழுதி எழுதிக் கை வலிச்சுது.

அக்டோபர் 16, புதன்

மதியம் கிரி சார் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்துச்சு. ப்ராஜெக்ட்டை வேற ஆளுக்கு மாத்தலாம்னு மேல பேச்சாம். ஆனா அவர் எனக்காகப் போராடி, டீம்கிட்டயே கேட்டுடலாம்னு சொல்லியிருக்கார். பூங்கோதை தொடரலாமான்னு ஆறு பேருக்கும் தனித்தனியா மெயில் போட்டுக் கேட்டிருக்கார். "முடிவை அனுப்பறேன் பாருங்க. நல்ல செய்திதான். லெட்டர்கூட ஏப்ரல்ல மறுபடி பாக்கலாம்."

மெயில் வந்துச்சு. ரெண்டே வரி. 'டீம் முழுமையாக உங்களை ஆதரிக்கிறது. தொடர்ந்து நடத்துங்கள்.' படிச்சதும் நெஞ்சு லேசாச்சு, இல்லைன்னு சொன்னாப் பொய். கண்ணு கலங்கிருச்சு. இத்தனைக்கு அப்புறமும் என்னை வேணும்னு சொல்றாங்களேன்னு.

அப்புறம்தான் பாத்தேன். மனுசன் புது மெயில் எழுதாம, வந்த பதிலுங்க எல்லாத்தையும் ஒட்டி வெச்சிருந்த மெயிலையே எனக்குத் தள்ளி விட்டிருக்கார். கீழ இழுத்தா ஒண்ணு ஒண்ணா இருக்கு, பேரோட.

'மேம் தொடரட்டும். ஓகே சார்.' 'எனக்கு ஓகே.' 'நல்ல மேனேஜர். ஓகே.' 'ஓகே சார்.' நவநீதன், 'மேம்கிட்ட நிறையக் கத்துக்கிட்டேன். தொடரலாம்.'

ஆறாவது ஜெபமலர். 'வேண்டாம் சார். மேம் கெட்டவங்க இல்ல. கடைசியில உண்மையைச் சொன்னாங்க, அதை நான் மதிக்கிறேன். ஆனா அவங்க எதிர நின்னா எங்களுக்கு உண்மை வாயில வரமாட்டேங்கு. இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள எங்க பயம் போகாது. அந்த அஞ்சு சென்டர்லயும் சேர்த்து நானூறு பேர் இருக்காங்க. வேற யாரையாவது போடுங்க.'

வேண்டாம்னு ஒருத்தி பச்சையா எழுதியிருக்கா, கிரி சார் அதை 'முழு ஆதரவு'ன்னு எனக்கு எழுதறார். நான் அவருக்குப் பண்ணுனதைத்தான் அவர் எனக்குப் பண்ணியிருக்கார்.

முதல்ல கோவம். அப்புறம் அழுகை. பாத்ரூம் போய்க் குழாயைத் தொறந்துவிட்டு நல்லா அழுதேன். முகம் கழுவிட்டு வந்து அந்த அஞ்சு ஓகேவையும் மறுபடி படிச்சேன். நவநீதன் உண்மையாவே எழுதியிருக்கலாம். இன்னொருத்தரும் எழுதியிருக்கலாம். எது மனசுலருந்து வந்தது, எது பயத்துல வந்ததுன்னு எனக்குக் கண்டுபுடிக்கவே தெரியலை. ஆசைப்பட்டு நம்பணும்னாக்கூட முடியலை. மலரு எழுதுன ஒண்ணை மட்டும்தான் ஒவ்வொரு எழுத்தா நம்ப முடிஞ்சுது.

கிரி சாருக்குப் பதில் எழுதுனேன். 'சார், ஆறு பதில்ல எனக்கு ஒண்ணுதான் புரியுது. அதையே எடுத்துக்குங்க. திங்கக்கிழமைக்குள்ள வேற ஆளைப் போடுங்க.' அனுப்பற பொத்தானை அமுக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியலை. மலரு எழுந்து தண்ணி புடிச்சுட்டு வந்து உக்காந்ததும் அமுக்குனேன்.

அவ பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். வர்ற ஆளுக்குக் குடுக்கறதுக்கு ஒரு உண்மையான சீட் வேணும், உதவி பண்றயான்னு கேட்டேன். "எங்கிட்டக் கேக்காதீங்க மேம்"னா. "அவங்க அஞ்சு பேரையும் கேளுங்க. நீங்க இல்லாத இடத்துல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

சரின்னு எந்திரிச்சு அஞ்சு பேருகிட்டயும் சொன்னேன், உள்ளதை எழுதி மலருகிட்டக் குடுங்கன்னு. பையை எடுத்துட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன், அவங்க எழுதட்டும்னு.